ஏழாம் நம்பர் கேன்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் புஷ்பவல்லியின் வாயைப் பற்றித் தெரியாத ஆள் இருந்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். மீன் ஏலம் கூவுவது அவள் தொழில். ஒரு கூடை சங்கராவை மூச்சு விடாமல் மூன்று வாக்கியத்தில் விற்றுவிட்டு, நான்காவது வாக்கியத்தில் வாங்கியவனின் கஞ்சத்தனத்தையும் ஐந்தாவதில் அவன் சட்டை அழுக்கையும் விசாரித்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுவாள். திட்டு வாங்கிய வியாபாரி மறுநாளும் அவளிடமே வந்து நிற்பான். மற்றவர்கள் கூவும் ஏலத்தில் வெறும் மீன்தானே கிடைக்கிறது.

அப்பேர்ப்பட்ட வாய் முப்பத்திரண்டாம் வயதில் குழறத் தொடங்கியது.

முதலில் வஞ்சிரம் வழுக்கியது. பிறகு கானாங்கெளுத்தி பாதி வழியில் நின்றது. விலையைச் சொல்ல வாயைத் திறந்தால் எச்சில் முந்திக்கொண்டது. வலது கை தன்பாட்டுக்கு நடுங்கியது. விடியற்காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறாள் என்றது ஒரு கூட்டம். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கூட்டம். இத்தனை வருடம் திட்டின திட்டெல்லாம் திரும்பி வந்து நாக்கில் உட்கார்ந்துவிட்டது என்றது மூன்றாவது கூட்டம். அதில் அவளுடைய சொந்த நாத்தனாரும் இருந்தாள்.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தது, ராயபுரத்தில் நடந்த ஓர் இலவசக் கண் பரிசோதனை முகாம். மூக்குக் கண்ணாடி கிடைக்குமே என்று போனவளின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த மருத்துவர் அப்படியே நின்றுவிட்டார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். அவர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்காமல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கண்ணாடி கிடைக்காத கோபத்தோடுதான் புஷ்பவல்லி அங்கே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே டாக்டர் அறிவு இருந்தார். வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவரிடம் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டில் இருக்கும் செம்பு எல்லார் உடம்புக்கும் துளி தேவை, மிச்சத்தைக் கல்லீரல் வெளியே அனுப்பிவிடும், உங்களுக்கு அந்த வழி பிறவியிலேயே சரியில்லை, அதனால் செம்பு கல்லீரலில் நிறைந்து, மூளைக்கும் ஏறிவிட்டது என்று அவர் விளக்கினார். வில்சன் நோய் என்று பெயர். பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருவது.

"சாக்கட அடைச்சிகிச்சின்னு சொல்றீங்க" என்று சொல்லி முடிக்கப் புஷ்பவல்லிக்கு அன்றைக்கு அரை நிமிடம் ஆனது.

"கரெக்ட். அம்மா கிட்டேந்து ஒரு கோளாறு, அப்பா கிட்டேந்து ஒரு கோளாறு. ரெண்டும் சேர்ந்தாதான் வரும். அவங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

பண்ணியவர்கள்தான். கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணித் தங்கம் போடாத அப்பன் வீடும் அம்மா வீடும், செம்பை மட்டும் ஆளுக்கொரு பங்காகச் சீர் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள் பிற்பாடு நாக்கு சரியான பிறகு சொல்லிச் சொல்லித் திட்டினாள்.

இந்த நோய்க்குச் சில சாப்பாடுகள் ஆகாது. எறா ஆகாது, நண்டு ஆகாது, கடம்பா என்கிற கணவாய் ஆகாது, ஈரல் ஆகாது. தினமும் கூடை கூடையாக எறா விற்கிறவளுக்கு எறா ஆகாது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? போதாக்குறைக்கு, அவள் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட படகு முதலாளியின் வீட்டம்மா பாசத்தோடு ஒரு செம்புத் தண்ணீர் பாட்டிலை வாங்கி வந்து கொடுத்து, "இதுல ராத்திரி ஊத்தி வெச்சி காலைல குடி புஷ்பா, எல்லா நோயும் பறந்துடும்" என்றாள். புஷ்பவல்லி அதை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள்.

பழைய மருந்து ஒன்று இருக்கிறது. பல பேருக்கு அது நல்லது செய்கிறது. சில பேருக்கு முதலில் நோயைக் கிளறிவிடும். புஷ்பவல்லி அந்தச் சில பேரில் ஒருத்தி. மூன்று வேளை, வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி, குழறிய பேச்சு சுத்தமாகக் கொழகொழத்துப் போனது. இரண்டு வருடம் அவள் ஏலக் களத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து ஐஸ் கட்டி உடைத்தாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. எதைப் பற்றியும் பேசுகிற பெண் அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அப்போதுதான் புதிய மாத்திரை ஒன்று ஆராய்ச்சிக்கு வந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஓர் எழுத்தும் நாலு எண்ணும்தான். பழைய மருந்து செம்பைச் சிறுநீர் வழியாக இறக்கும். இது செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலத்தின் வழியாக வெளியேற்றும், மூளையைக் கிளறாது, ஒரு நாளைக்கு ஒரே வேளை. முதல் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களில் புஷ்பவல்லி ஏழாம் நம்பர். ஒன்பது பக்கத் தமிழ்ப் படிவத்தைச் செவிலியர் ஜெரினா ஒரு வரி விடாமல் படித்துக் காட்ட, புஷ்பவல்லி நடுங்கும் கையால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதத்தில் நாக்கு திரும்பி வந்தது. திரும்பி வந்த முதல் நாள் களத்தில் அவள் கூவிய ஏலத்தைப் பார்க்கக் கல்மண்டபத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு கூடை விற்பதற்குள் இரண்டு வருட பாக்கியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தாள். இரண்டு வியாபாரிகள் கண் கலங்கினார்கள். சந்தோஷத்தில்தான் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள்.

மாத்திரை விழுங்குவதில் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் கேனில்தான்.

மாதம் ஒரு தரம், இருபத்து நாலு மணி நேரத்துச் சிறுநீர் முழுவதையும் ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதில் எவ்வளவு செம்பு என்று பார்ப்பார்கள். மாத்திரை சரியாக வேலை செய்தால் அளவு குறைவாக இருக்கும். அதற்கென்று ஆஸ்பத்திரியே மாதாமாதம் புதிதாக ஓர் ஐந்து லிட்டர் கேன் கொடுக்கும், அளந்ததும் காலிக் கேனைத் திருப்பித் தந்துவிடும். வெள்ளை வெளேரென்று, உள்மூடி வெளிமூடி என்று இரண்டு மூடியோடு, அமிலத்தில் கழுவி, 7 என்று ஸ்டிக்கர் ஒட்டி. இதைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

"இன்னாக்கா, செக்கு எண்ணெயா? லிட்டரு இன்னா வெல?" என்று ஒருத்தி ஒரு தடவை கேட்டாள்.

"இது வெளில குடுக்கறதில்லமா. ஆர்டர் மேல போவுது" என்றாள் புஷ்பவல்லி.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மே மாதம் ஜெரினாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, டாக்டர் உடனே பாக்கணும்னு சொல்றாரு. வர்றீங்களா?"

டாக்டர் அறிவு மேசை மேல் ஒரு தாளை வைத்துக்கொண்டு அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிறுநீரில் இறங்கிய செம்பு போன மாதம் அறுபது மைக்ரோகிராம். இந்த மாதம் ஐயாயிரத்து இருநூறு.

"மாத்திரை போடுறீங்களா?"

"சாமி சத்தியமா ஒரு நாள் வுடல டாக்டர்."

"எறா, நண்டு?"

"எறா மொகத்த நேரா பாத்தே மூணு வருசம் ஆவுது. ஏலத்துலயே அந்தாண்ட திரும்பிகினுதான் கூவுறேன்."

"செம்புப் பாத்திரம்?"

"வூட்ல கீறதெல்லாம் சில்வரு."

அறிவு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவ்ளோ செம்பு உண்மையிலேயே இறங்குதுன்னா உங்கள ஆட்டோல இல்ல, ஸ்ட்ரெச்சர்லதான் கொண்டாந்திருப்பாங்க. ஆனா காகிதம் காகிதம்தான். மருந்துக் கம்பெனிக்கும் மேற்பார்வைக் குழுவுக்கும் அனுப்பியாச்சு. இதுக்குக் காரணம் தெரியுற வரைக்கும் ரெண்டாவது குழுவை ஆரம்பிக்கக் கூடாதுன்னுட்டாங்க. பதினஞ்சு நாள்ல காரணம் சொல்லலைன்னா, உங்க மாத்திரையை நிறுத்தச் சொல்லுவாங்க."

மாத்திரை போனால் நாக்கு போகும். நாக்கு போனால் ஐஸ் கட்டி. அதற்கு மேல் புஷ்பவல்லியால் நினைக்க முடியவில்லை, பயமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அருமையாகத் தைத்த சட்டை. கையிலிருந்த டீ கோப்பைக்குள் நிற்காமல் அலை அடித்து, பாதி கால்சட்டையில் கொட்டியிருந்தது. சௌக்கத் அலி என்றும், ராயபுரத்தில் டெய்லர் என்றும், இரண்டாவது குழுவில் முதல் ஆள் என்றும் ஜெரினா சொன்னாள். நாளைக்கு மாத்திரை ஆரம்பிக்க வேண்டியவரைத் திருப்பி அனுப்புகிறார்களாம்.

அவர் புஷ்பவல்லியைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க விட்டுப் பழக்கமே இல்லாத புஷ்பவல்லி, அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"நீங்க... நல்லா... பேசுறீங்க" என்று சொல்லி முடித்தார் சௌக்கத் அலி. "எனக்கும்... வரும்னு... சொன்னாங்க."

புஷ்பவல்லி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நேராகப் போனது துறைமுகத்துக்கு. தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத இரண்டு மாதம். படகுகளையெல்லாம் கரையேற்றி, தச்சு வேலையும் பெயின்ட் வேலையும் நடக்கிற நேரம். அவள் புருஷன் ரவிக்குமார் விசைப்படகு டிரைவர். அவனும் ஆட்களும் படகின் வயிற்றுக்கு அடியில் குந்திக்கொண்டு ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கொளுத்தியது. அவனிடம் சொல்லி அழலாம் என்றுதான் அவள் வந்தாள்.

அழுவதற்கு முன்னால் தண்ணீர் குடிக்கலாம் என்று திரும்பியவள் கண்ணில் ஒரு கேன் பட்டது. வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்மூடி, வெளிமூடி. பக்கவாட்டில் ஸ்டிக்கர் உரித்த சதுரமான பசைத் தடம். அதிலிருந்து பெயின்ட் அடிக்கிற ஆட்கள் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ்" என்றாள் புஷ்பவல்லி. அந்த ஒரு 'யோவ்'வில் மூன்று படகில் வேலை நின்றது. "இந்தக் கேன் ஏதுய்யா?"

"நம்ப வூட்டு கேன்தாம்மே. பரண்ல கெடந்துச்சே." ரவிக்குமார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "சூப்பர் கேனு. ஒரு சொட்டு ஒழுவல."

"அது ஆஸ்பத்திரி கேனுய்யா! மூத்திரம் புடிக்கிற கேனு!"

எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவனுக்குப் புரை ஏறியது.

"பயப்படாதடா, புதுசுல எட்த்தது" என்று ரவிக்குமார் அவனுக்குச் சமாதானம் சொன்னான். பிறகு மனைவியிடம் நியாயம் பேசினான். "நீயே சொல்லு. மூத்திரத்துக்கு எதுக்குமே புது கேனு? குடிக்கிற தண்ணிக்குப் பழைய கேனு, மூத்திரத்துக்குப் புது கேனா? உலகத்துல எங்கனா உண்டா? அதான் மாத்துனேன். சும்மா தூக்கிகினு வர்ல. கேன் எட்த்தா கேன் வெக்கணும், அதானே இங்க சட்டம். பதிலுக்கு வேற கேன் வெச்சேன் இல்ல?"

அது உண்மைதான். காசிமேட்டில் யாரும் யார் கேனையும் எடுக்கலாம். ஆனால் எடுத்த இடத்தில் இன்னொரு கேனை வைக்காமல் போகிறவன் மனுஷனே இல்லை. இந்தச் சட்டத்தை எழுதி வைத்தவர் யாரும் இல்லை, மீறியவரும் யாரும் இல்லை.

"அந்த ஏழாம் நம்பரு ஸ்டிக்கரு?"

"அத்த உரிச்சி, நான் வெச்ச கேன்ல ஒட்டிட்டேன். அதுவும் வெள்ளக் கேனுதான், அதே சைசு." ரவிக்குமார் பெருமையோடு சொன்னான். "கெவர்மென்டு நம்பரு இல்ல? பழைய படக வித்துட்டுப் புதுசு வாங்குனா நம்பர மாத்தி எழுதமாட்டோமா? அந்த மாரிதான். நம்பர் இல்லாம கேன் போச்சின்னா உனுக்குதானே பேஜாரு?"

"நீ வெச்ச கேன்ல அதுக்கு முன்னாடி இன்னா இருந்துச்சி?"

"பெயின்டு. மிஞ்சுனத ஊத்தி வெச்சிருந்தேன். ஆனா நல்லா கழுவிட்டேம்மே. டீசலு ஊத்தி ஒரு தபா, சோப்பு பவுடரு போட்டு ரெண்டு தபா. வெயில்ல காய வெச்சி மோந்துகூட பாத்தேன்."

புஷ்பவல்லி படகின் சிவப்பு வயிற்றைப் பார்த்தாள். அவன் முழங்கை வரை ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தாள். பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த தேசப்பனிடம் திரும்பினாள். முப்பது வருடமாகப் படகுகளுக்கு அடிப் பெயின்ட் அடிப்பவர் அவர். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

"தேசப்பண்ணா, இந்தப் பெயின்டுல இன்னாதான் கீது?"

"செம்பும்மா!" என்றார் தேசப்பன், இப்படி ஒரு கேள்விக்காகவே முப்பது வருடம் காத்திருந்தவர்போல. "சும்மா கலருன்னு நெனச்சியா? அத்தினியும் செம்பு பவுடரு. அதாலதான் தண்ணிக்கு அடில சிப்பி ஒட்றதில்ல, பாசி புடிக்கறதில்ல. எது வந்து ஒட்னாலும் செத்துப் பூடும்."

புஷ்பவல்லி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். உலகத்தில் எத்தனையோ பெயின்ட் இருக்கிறது. எத்தனையோ கேன் இருக்கிறது. தேடிப் பிடித்து இந்தக் கேனை வைத்திருக்கிறானே இந்த மனுஷன்!

விஷயத்தைக் கேட்டதும் ரவிக்குமாரின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை சொன்னான்.

"கேன் மேட்டர சொல்லாத. இன்னொரு தபா நல்ல கேன்ல புடிச்சிக் குடு. கரெக்டா வரும். மிசினு தப்புன்னு வுட்ருவாங்க."

அந்த யோசனை மோசமில்லை. படிவத்தின் ஏழாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். கொடுத்த கேனை விட்டு வேறு எதிலாவது பிடித்தால் ஆராய்ச்சியிலிருந்து நீக்கவும் கூடும் என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே அவள் கையெழுத்து. சொன்னால் மாத்திரை போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பித்துவிடலாம். ஆனால் ஐயாயிரத்து இருநூறுக்குக் காரணம் தெரியாமலே போகும். காரணம் தெரியும்வரை அந்த டெய்லர் பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் கொட்டிக்கொண்டிருப்பார்.

"நாளைக்குக் காலைல நீயும் வர்றே" என்றாள் புஷ்பவல்லி.

"நான் எதுக்கு?"

"கேன மாத்துனது நானா?"

மறுநாள் குற்றவாளியான பெயின்ட் கேனைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குற்றவாளிப் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். டாக்டர் அறிவு முழுக்கதையையும் அசையாமல் கேட்டார். படகு நம்பர் கதை வந்தபோது எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகத்தை டாக்டர் முகமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லாம வுட்டிருந்தா இன்னா பண்ணிருப்பேன் தெரியுமா? இந்த மருந்துல எங்கியோ தப்புன்னு நானே எழுதிருப்பேன்." கோபம் வந்தால் அவருக்கு வியாசர்பாடி வந்துவிடும். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லவேளை, சொன்னீங்க. ஆனா முடிவு என் கையில இல்ல. குழு என்ன சொல்லுதோ அதான்."

அடுத்த இரண்டு நாள் புஷ்பவல்லி ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். புதுக் கேன். ஜெரினா காவல். கழிவறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, உள்ளே போகும்போதும் வரும்போதும் மணி பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

"நான் சங்கராவ எடை போட்டப்பக்கூட இப்டி ஒருத்தரும் நின்னு பாத்ததில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அளவு எழுபது வந்தது. பெயின்ட் கேனையும் கழுவிப் பார்த்தார்கள். தேசப்பன் பொய் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மேற்பார்வைக் குழுவின் கூட்டம். திரையில் ஆறு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். எல்லாரும் வெவ்வேறு ஊர். ஆங்கிலத்தில் பேசினார்கள், அறிவு தமிழில் சொன்னார். நடுக் கட்டத்தில் நரைத்த முடியோடு ஒரு மூத்த பெண் டாக்டர். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

முதலில் ரவிக்குமார் சாட்சி சொன்னான். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, கேன் எடுத்தால் கேன் வைக்க வேண்டிய சட்டத்தையும் படகு நம்பர் மாற்றும் முறையையும் எடுத்துச் சொன்னான். அறிவு அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நாலு கட்டங்களில் ஒலி அணைந்தது. வாய்கள் மட்டும் சிரித்தன. மூத்த டாக்டர் சிரிக்கவில்லை.

"கேன் விஷயம் சரி" என்றார் அந்த அம்மா, அறிவு வழியாக. "இந்தப் பேஷன்ட் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பதற்கு என்ன ஆதாரம்? எழுபது என்பது இரண்டு நாள் கதை. ஒரு வருடக் கதை எனக்கு வேண்டும். முதல் நாள் எடுத்த பேச்சு வீடியோவைப் போடுங்கள்."

ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று ஒரு வீடியோ எடுத்திருந்தார்கள். புஷ்பவல்லி அதைப் பார்த்ததே இல்லை.

திரையில் ஒருத்தி வந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உங்கள் பெயர் என்ன என்று ஜெரினாவின் குரல் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். உதடு கோணியது, எச்சில் இறங்கியது, தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது பேச்சில்லை. ஒரு முழு நிமிடம் அவள் தன் பெயரோடு போராடினாள். பெயர் வரவே இல்லை. பக்கத்தில் ரவிக்குமார் உட்கார்ந்து, அவள் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

புஷ்பவல்லிக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. கொஞ்சம் குழறுகிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வீடியோ நின்றது. "இப்போது அவரையே பேசச் சொல்லுங்கள்" என்றார் மூத்த டாக்டர்.

புஷ்பவல்லி எழுந்து நின்றாள். ஓர் எழுத்து பிசகவில்லை.

"எம் பேரு புஷ்பவல்லி. காசிமேட்ல மீன் ஏலம் கூவுறேன். அதோ டிவில கீறாளே, அவளும் நான்தான். தப்பு எங்க மேலதான். மாத்திர மேல ஒரு தப்பும் இல்ல. என்ன நிறுத்துறதுன்னா நிறுத்திக்கங்க. வெளிய பெஞ்சுல ஒரு டெய்லரு குந்திகினு கீறாரு. நல்லா தைக்கற மனுசன், கை நிக்க மாட்டேங்குது. எங்க வூட்டு கேனுக்கு அவர எதுக்கு தண்டிக்கிறீங்க? அவருக்குக் குட்த்துருங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். நிறுத்தத்தான் நினைத்தாள், ஆனால் அது அவளால் ஆகிற காரியமா? "அப்பால இன்னொண்ணு. ஒம்போது பக்கம் எழுதுனீங்களே, இந்தக் கேன்ல குடிதண்ணி ஊத்தாதன்னு ஒரு வரி எழுதுனீங்களா? எங்க ஊர்ல நல்ல கேன் ஒண்ணு பரண்ல சும்மா கெடந்தா எவன் சும்மா வுடுவான்? படிச்சவங்க நீங்கதானே யோசிக்கணும்?"

அறிவு மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மூத்த டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். அர்த்தம் வேண்டாம் என்றார். கேட்டதே போதும் என்றார்.

முடிவு அங்கேயே ஆனது. ஏழாம் நம்பர் தொடரலாம். ஐயாயிரத்து இருநூறை அழிக்க முடியாது, அது பதிவில் என்றைக்கும் இருக்கும், பக்கத்தில் படகுப் பெயின்ட் என்று ஒரு குறிப்பும் இருக்கும். இரண்டாவது குழு திங்கட்கிழமை தொடங்கலாம். படிவத்தில் பத்தாவது பக்கம் ஒன்று சேர்க்க வேண்டும். ஜெரினா வெளியே ஓடிப் போய்ச் சௌக்கத் அலியிடம் சொன்னாள். அவர் புஷ்பவல்லியைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பிக்க, அவள், "திங்கக்கெழமைக்கு அப்பால சொல்லுங்க பாய், அப்போ சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு நிற்கும்போது புஷ்பவல்லி புருஷனைப் பார்த்தாள்.

"யோவ். அந்த வீடியோல நீ பக்கத்துல குந்திகினு தலைய ஆட்டிகினு கீறியே. அப்போ நான் பேசுனது உனுக்கு மட்டும் எப்டிய்யா புரிஞ்சிது?"

"எங்க புரிஞ்சிது? ஒரு எழவும் புரில."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமாதான்."

"அப்பறம் எதுக்குய்யா ஆட்னே?"

ரவிக்குமார் பேருந்து வருகிற திசையைப் பார்த்தான். "ஆட்லன்னா நீ பேசறதையே வுட்ருப்பே."

பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தும் அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, கல்மண்டபம் வருகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். கேன் எடுத்ததற்குத் திட்டினாள், ஸ்டிக்கர் ஒட்டியதற்குத் திட்டினாள், அந்த எலுமிச்சைத் தண்ணீருக்குத் திட்டினாள், புரியாமல் தலையாட்டியதற்குத் தனியாகத் திட்டினாள். ரவிக்குமார் ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. எல்லாமே நன்றாகப் புரிந்தது.